நினைவை அளக்கும் கோல்

மக்கள் பெற்ற பேறுகளுள் நினைவாற்றல் தலையாயதாகும். பொருளை இழந்தவன் முயன்று மீண்டும் ஈட்டலாம். உடல் வலிமையை இழந்தவன் மருந்தாலும் ஊணாலும் அதனைத் திரும்பப் பெறலாம். அறிவும் நினைவும் தளரப்பெற்றவனோ, தான் இழந்தது இன்னதென்று பிறர்க்கு எடுத்துரைக்கவும் ஆற்றாதவனாய் நிற்பன். இத்தளர்ச்சியை உண்டாக்கும் நோய்கள் பலவுள. அவற்றுள் எச்.ஐ.வி. என்னும் நச்சுயிரியால் மூளைக்கு நேரும் கேட்டையும், அதனை மருத்துவர்கள் நாற்பது ஆண்டுகளாக ஆராய்ந்து கண்டவற்றையும், அவ்வாராய்ச்சியில் மொழி கற்பார்க்கு உள்ள பங்கையும் குறித்து எம் கருத்தை ஈண்டு எழுதத் துணிந்தோம். "இலக்கணமும் இலக்கியமும் பயில்வோர்க்கு மருத்துவ நூலில் யாது வேலை?" என நண்பர் சிலர் வினவினர். அவ்வினாவிற்கு விடையாகவே இக்கட்டுரை எழுந்தது.

முதற்கண் நோயின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். 1981 ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஆடவர் ஐவர்க்கு அரியதொரு நுரையீரல் அழற்சி கண்டதென அந்நாட்டு நோய்த்தடுப்பு நிலையத்தார் வெளியிட்ட சிறு குறிப்பே, பின்னர் எய்ட்ஸ் எனப் பெயர்பெற்ற நோயைப்பற்றி மருத்துவ உலகம் படித்த முதற் செய்தியாகும். 1983 இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லூக் மொன்டாக்னியே என்னும் இருவரும் அவர்தம் குழுவினரும் அதன் காரணமாகிய நச்சுயிரியைப் பிரித்துக் காட்டினர். அதன்பொருட்டு அவ்விருவர்க்கும் 2008 இல் நோபெல் பரிசிற் பங்கு கிடைத்தது. இது குருதியிலுள்ள காவலணுக்களை அழித்து ஏனைய நோய்கட்கு வாயில் திறந்துவிடும் நோய் என்றே தொடக்கத்தில் அறியப்பட்டது. நோயாளர் சிலர் சொல் தடுமாறி, நடை தளர்ந்து, வினவியதற்கு நெடுநேரங் கழித்து விடையிறுப்பதைக் கண்டோர், அதனை மனத்துயர் என்றோ கடுநோயின் அயர்ச்சி என்றோ எண்ணி வாளா இருந்தனர். 1986 இல் நியூயார்க் நகரத்தில் நாவியா, ஜோர்டான், பிரைஸ் என்னும் மருத்துவர் மூவர், இந்நோயால் இறந்து பிணவாய்வு செய்யப்பெற்ற 70 பேருடைய வரலாறுகளை நுணுகி ஆராய்ந்து, அவருள் 46 பேர் வரவர மிகும் அறிவுத் தளர்ச்சியால் வருந்தினர் என நிறுவினர். அதன் பின்னரே, இது மனச்சோர்வு அன்று, மூளையைப் பற்றும் நோய் என்பது தெளிவாயிற்று.

அக்கேடு நிகழுமாறு வியத்தற்குரியது. குருதியில் ஓடும் பொருள் யாவும் மூளைக்குட் புகுதல் இயலாது. மூளையின் நுண்குழாய்ச் சுவர்கள் கோட்டை மதில்போல நின்று தடுக்கின்றன. எச்.ஐ.வி. அம்மதிலை இடித்து நுழைவதில்லை. தன்னை ஏற்ற வெள்ளணுக்களுள் ஒளிந்து, காவலர் உடையில் வரும் பகைவன்போல அது உள்ளே செல்கின்றது. பாங்காக்கு நகரில் புதிதாகத் தொற்றுற்றோரிடம் செய்து 2012 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தொற்று நேர்ந்ததாகக் கணிக்கப்பட்ட நாளினின்று 8 நாட்களிலேயே மூளைத்தண்டுநீரில் நச்சுயிரி காணப்பட்டது. உட்புகுந்தபின் அது மூளையின் காவலணுக்களில் தங்குகின்றது. எண்ணத்திற்குக் கருவியாகிய நரம்பணுக்களை அது நேரே பற்றுவதில்லை. தொற்றுற்ற காவலணுக்கள் உமிழும் நச்சுப் பொருள்களாலும், அங்கு எழும் அழற்சியாலும், அடுத்துள்ள நரம்பணுக்களின் கிளைகள் நலிந்து தேய்கின்றன. தீப்பற்றியது அண்டை வீடு. மூச்சுத் திணறுவது இவ்வீடு.

இக்கேடு மிகுவது மூளையின் மேற்பரப்பிலன்று, அதன் அடியிலுள்ள நரம்பு முடிச்சுக்களிலும் வெண்பகுதியிலுமேயாம். ஆதலின் இதன் முதற்குறி மறதியன்று, மந்தமே. தையற்காரர் ஒருவரை எண்ணிப் பார்க்க. அவர் தம் மக்கள் பெயரை மறந்திலர். வாடிக்கைக்காரரை அடையாளம் காண்பர். ஆயின் ஊசியில் நூல் கோக்க முன்னினும் நெடுநேரம் ஆகின்றது. ஓர் அளவைக் குறித்துக்கொண்டே மற்றோர் அளவை நினைவில் வைத்தல் அரிதாகின்றது. பேச்சு நடுவே எண்ணம் நின்று நின்று செல்கின்றது. வீட்டார் "சோம்பல்" என்பர். முதலாளி "கருத்தில்லை" என்பர். நம் நாட்டுச் செய்தித்தாள்கள் இத்தகைய நோய்களை யெல்லாம் ஒருங்கே "மறதி நோய்" என்றும் "முதுமை மறதி" என்றும் எழுதுகின்றன. முப்பது வயதினனுக்கு வரும் நோயை முதுமை மறதி என்பது எங்ஙனம் பொருந்தும்? மறதி முற்பட வராத நோயை மறதி நோய் என்று அழைத்தால், நோயாளன் "யான் ஒன்றும் மறந்திலேன்" என்று எண்ணி மருத்துவரிடம் செல்லாதொழிவனன்றோ? பெயர் பிழைத்தவழி நோய் மறைந்துகொள்கின்றது. மொழி கற்பார்க்கு ஈண்டு வேலையுண்டு என்பதற்கு இஃது ஒரு சான்றாகும். "அறிவு மந்தம்" என்றேனும் "அறிவுத் தளர்ச்சி" என்றேனும் வழங்குதல் நன்றென்பது எம் கருத்து.

இனி மருந்தின் வரலாற்றை நோக்குவாம். 1987 இல் சிடோவுடின் என்னும் முதல் மருந்து அமெரிக்க நாட்டில் ஒப்புதல் பெற்றது. அம்மருந்தை உண்டோருட் சிலர்க்கு அறிவு மந்தம் ஓரளவு நீங்கியதையும் ஆராய்ச்சியாளர் கண்டனர். 1996 முதல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை பரவவே, கடுமையான அறிவுத் தளர்ச்சி விரைவிற் குறைந்தது. அமெரிக்க நாட்டு மருத்துவ நிலையங்கள் ஆறில் 1,555 பேரைச் சோதித்து 2010 இல் வெளியிடப்பட்ட பேராராய்ச்சியில், கடுந்தளர்ச்சி உற்றோர் நூற்றுக்கு 2 பேரளவே ஆயினர். உகாண்டா நாட்டுக் கம்பாலா நகரிலும், இம்மருந்தை உண்ட நோயாளர் ஆறு திங்களுள் அறிவுத் தேர்வுகளில் முன்னேறினர் என 2006 இல் அறியப்பட்டது. எனவே நச்சுயிரியைக் குருதியில் அடக்குவதே மூளைக்கு முதற் காப்பு என்பது ஐயமற நிறுவப்பட்டதாகும்.

நச்சுயிரியை அடக்கிய பின்னும் எஞ்சும் சிறு தளர்ச்சியைப் போக்க மருத்துவர்கள் வேறு பல மருந்துகளையும் தேர்ந்து பார்த்தனர். பெப்டைடு டி, மெமன்டின், செலிஜிலின், மினோசைக்ளின் என ஒன்றன்பின் ஒன்றாக வந்த அம்மருந்துகளுள் ஒன்றேனும், வெற்றுமாத்திரையோடு ஒப்பிட்ட செவ்விய தேர்வில் தெளிவான நன்மை தந்திலது. இவற்றைத் தோல்வி என்று இகழ்வாருளர். யாம் அங்ஙனம் கருதேம். ஒரு மருந்து பயன்படாது என்பதை நேர்மையோடு வெளியிடுதலும் அறிவுத் தொண்டே. அவ்வெளியீடு இல்லையேல், நம்பிக்கை யொன்றையே விலையாக வாங்கிப் பயனில்லா மருந்தை விற்பார் பலர் தோன்றியிருப்பர். நோயாளர் பலர் தம் தளர்ந்த உடலையும் மனத்தையும் அத்தேர்வுகட்கு உவந்து அளித்தனர். அவர்க்கு அதனாற் பயன் விளைந்திலது. பின்வருவோர் வீண்மருந்திற்குப் பொருளும் காலமும் இழவாமை அவரால் விளைந்த நன்மையாகும்.

இனி எம் கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவாம். அறிவு தளர்ந்தது என்று எவ்வாறு அறிவது? குருதியிலுள்ள நச்சுயிரியை எண்ணலாம். காய்ச்சலைக் கண்ணாடிக் கோலால் அளக்கலாம். அறிவை அளக்கும் கோலோ பெரும்பாலும் சொல்லாற் செய்யப்பட்டது. 2007 இல் வல்லுநர் கூடி வகுத்த விதிகள் இத்தளர்ச்சியை மூன்று படிகளாகப் பிரித்தன. முதற்படி, தேர்வில் மட்டும் குறைவு காணப்பட்டு வாழ்க்கையில் யாதொரு தடையும் இல்லாதது. இரண்டாவது, அன்றாடத் தொழிலில் சிறு தடை தோன்றுவது. மூன்றாவது, பிறர் துணையின்றி வாழ இயலாத கடுந்தளர்ச்சி. அறிவின் கூறுகளுள் இரண்டிலேனும் ஒருவர் பெற்ற மதிப்பு, நலமுடையோர் சராசரியினின்று ஒரு திட்ட விலக்கத்தளவு தாழ்ந்திருப்பின், அவர் முதற்படிக்குரியவர் ஆவர். முன்னர்க் கூறிய 2010 ஆம் ஆண்டு ஆராய்ச்சியில், இவ்விதிப்படி நூற்றுக்கு 33 பேரளவு முதற்படியில் வைக்கப்பட்டனர்.

ஈண்டுச் சிறிது கணக்கறிவு வேண்டும். எந்தத் தேர்விலும், யாதொரு நோயுமில்லாதவருள்ளேயே நூற்றுக்கு 16 பேரளவு அந்த ஒரு திட்ட விலக்கத்திற்குக் கீழே நிற்பர். அஃது எண்களின் இயல்பு. ஒருவர்க்குப் பல தேர்வுகள் வைப்பின், ஏதேனும் இரண்டு கூறுகளில் அவர் தாழ்தற்கு இடம் இன்னும் பெருகும். 2011 இல் ஸ்வீடன் நாட்டுக் கிஸ்லேன் என்பவரும், முன்னர் இந்நோயைக் கண்டுரைத்த பிரைஸ் என்பவரும் பிறரும் இதனை எடுத்துக்காட்டி, நலமுடைய மக்களுள்ளும் நூற்றுக்கு 20 பேரளவு இவ்விதியால் நோயாளராக்கப்படுவர் என எச்சரித்தனர். நோயை முதன்முதற் பெயரிட்டவர் தாமே, அப்பெயர் அளவிறந்து பரவுதலைத் தடுக்க முன்வந்தது போற்றத்தக்கது.

மறுதலையாகக் கூறுவோரும் உளர். முதற்படியில் வைக்கப்பட்டோர் பிற்காலத்தில் மெய்யான தளர்ச்சி அடைதற்கு, ஏனையோரினும் இரு மடங்கு முதல் ஏறத்தாழ 6 மடங்கு வரை இடமுண்டு என்று 2014 இல் வெளியான ஆராய்ச்சி யொன்று காட்டிற்று. இதனைப் புறக்கணித்தல் கூடாது. இருதிறத்தார் கூற்றையும் சீர்தூக்கின், தாழ்ந்த மதிப்பெண் ஒரு குறிப்பேயன்றித் தீர்ப்பன்று என்பது எமக்குத் தோன்றும் முடிபாகும். குறிப்பைக் கண்ட மருத்துவர் நோயாளரை விழிப்போடு நோக்கி வருவாராக. ஆயின் வாழ்க்கையில் ஒரு தடையும் இல்லாதவர் நெற்றியில் நோயின் பெயரை எழுதாதிருப்பாராக. 2023 இல் பன்னாட்டு வல்லுநர் குழு வெளியிட்ட புதிய பரிந்துரையும் இவ்வழியே செல்கின்றது. தேர்வில் தாழ்ந்த மதிப்பு ஒன்றைக்கொண்டே "அறிவுக் குறைபாடு" என்று கூறற்க என்பதும், எச்.ஐ.வி.யால் விளைந்த மூளைக்கேட்டைப் பிற காரணங்களான் வரும் தளர்ச்சியினின்று பிரித்து ஆராய்க என்பதும் அதன் சாரமாகும்.

பெயரால் விளையும் தீங்கைச் சிறிதென்று எண்ணற்க. எச்.ஐ.வி. உற்றோர் ஏற்கனவே ஒரு பழிச்சொல்லைச் சுமக்கின்றனர். அதன்மேல் "அறிவும் கெட்டவர்" என்று மற்றொன்றையும் ஏற்றின், அவர் வேலையை இழப்பர். பிள்ளையை வளர்க்கத் தகாதவர் என்பர் சுற்றத்தார். அவர் எழுதிய உயில் செல்லாதென வழக்காடுவர் பங்காளிகள். உண்மையில் நோயுடையார்க்கு இப்பெயரால் மருத்துவமேனும் கிடைக்கும். நோயில்லார்க்கோ இழப்பு ஒன்றே எஞ்சும்.

இவ்விடர் நம் தென்னாட்டில் இன்னும் மிகுதி. அதற்குக் காரணம் கூறுதற்கு முன் இந்நாட்டு வரலாற்றையும் ஒருசிறிது நினைவூட்டுவாம். இந்தியாவில் இத்தொற்று முதன்முதற் கண்டறியப்பட்டது 1986 இல், சென்னையிலேயே. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் அம்மையார் தூண்ட, அவர்தம் மாணவியாகிய நிர்மலா அம்மையார் திரட்டிய குருதி மாதிரிகள், மிஷன் தொண்டில் வளர்ந்த வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் சோதிக்கப்பட்டன. ஒரு மாணவியின் ஆராய்ச்சி ஒரு நாட்டையே விழிக்கச் செய்தது. 2004 முதல் அரசினர் மருத்துவ நிலையங்களில் மருந்து விலையின்றிக் கொடுக்கப்பட்டு வருகின்றது. இந்நாட்டில் இத்தொற்றோடு வாழ்வோர் ஏறக்குறைய 25 இலட்சம் பேராவர். மருந்தால் அவர் முதுமை காணும் பேறு பெற்றுள்ளனர். முதுமையோடு வரும் பிற தளர்ச்சிகளும் இனி அவர்க்கு வரும். எது நச்சுயிரியால் வந்தது, எது வயதால் வந்தது, எது குருதியழுத்தத்தாலும் நீரிழிவாலும் வந்தது எனப் பிரித்தறியச் செம்மையான அளவுகோல் இன்றியமையாதது.

இந்தியாவிற் பரவிய நச்சுயிரி பெரும்பாலும் "சி" என்னும் உட்பிரிவைச் சார்ந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிலையத்தார் 1989 முதல் 1996 வரை கண்ட நோயாளரிடம், காசநோயாலும் பூசணத்தாலும் வந்த மூளையுறை அழற்சிகளே மிக்கிருந்தன. அறிவுத் தளர்ச்சி அரிதாகவே தோன்றிற்று. 2004 இல் அந்நகரத்து ஜவாஹர்லால் நேரு ஆராய்ச்சி மையத்து ரங்காவும் அவர் குழுவினரும், "சி" பிரிவின் டாட் என்னும் புரதத்தில் ஓரிடத்தில் ஒரு மாற்றம் உள்ளதென்றும், அதனால் அப்புரதம் வெள்ளணுக்களை ஈர்க்கும் ஆற்றல் குன்றியுள்ளதென்றும் காட்டினர். "நம் நாட்டு நச்சுயிரி மூளையை மிகுதியும் கெடுப்பதில்லை போலும்" எனப் பலரும் ஆறுதலுற்றனர். எனினும் 2007 இல் வெளியான தென்னிந்திய ஆராய்ச்சி யொன்றில், நுண்ணிய தேர்வுகள் வைத்தவிடத்து நோயாளர் பலரிடம் தளர்ச்சி காணப்பட்டது. அங்ஙனமாயின் முன்னர் அரிதாயிருந்தது நோயோ, நோயைக் காணும் கோலோ? இவ்வினாவே மொழியாராய்ச்சியை இதனுள் இழுத்துவருகின்றது.

ஆங்கிலத்தில் வழங்கும் தேர்வுகளுள் ஒன்று, எப், ஏ, எஸ் என்னும் எழுத்துக்களில் தொடங்கும் சொற்களை ஒவ்வொன்றற்கும் ஒரு நிமிடத்தில் இயன்றமட்டும் கூறச் சொல்வது. இதனைத் தமிழில் எவ்வாறு வைப்பது? "க" என்றால் ககரம் ஒன்று மட்டுமோ, கா, கி, கீ முதலிய வருக்கம் முழுவதுமோ? இலக்கணம் பயின்றார்க்கே இஃது ஐயமாயின், பள்ளி காணாதவர் யாது செய்வர்? நம் மொழியில் எல்லா எழுத்தும் சொல்லின் முதலில் வாரா என்பதும், வரும் எழுத்துக்களுள்ளும் சிலவற்றில் தொடங்கும் சொற்கள் மிகுதி, சிலவற்றிற் குறைவு என்பதும் மாணாக்கர் அறிந்தனவே. எழுத்தை மாற்றின் மதிப்பெண் மாறும். மதிப்பெண் மாறின் ஒருவர் நலமுடையவராகவோ நோயாளராகவோ ஆகிவிடுவர்!

இவ்விடரை வெல்லுதல் இயலும் என்பதற்கும் சான்றுண்டு. எண்களையும் ஆங்கில எழுத்துக்களையும் மாறி மாறிக் கோட்டால் இணைக்கச் சொல்லும் தேர்வு ஒன்றுளது. உலகச் சுகாதார நிறுவனத்தார் பாங்காக்கு, கின்ஷாசா, மியூனிக், நைரோபி, சாவோ பாலோ என்னும் ஐந்து நகரங்களில் இந்நோயை ஆராயப் புகுந்தபோது, எழுத்தறியாதார்க்கு அத்தேர்வு பொருந்தாமை கண்டு, எழுத்திற்கு மாற்றாக இரு நிறங்களைப் பயன்படுத்தி வேறொரு தேர்வை வகுத்தனர். நோக்கம் ஒன்று, கருவி வேறு. இதுவே உண்மையான மொழிபெயர்ப்பு என்பது எம் துணிபு.

2005 இல் பால்டிமோர் நகரிலும் கம்பாலா நகரிலும் தேர்ந்து வெளியிடப்பட்ட பன்னாட்டு எச்.ஐ.வி. அறிவுத் தளர்ச்சி அளவுகோலை மற்றோர் எடுத்துக்காட்டாகக் கொள்வாம். நான்கு சொற்களை முதலிற் கூறுவர். பின் 5 விநாடிகளில் விரல் தட்டும் விரைவையும், 10 விநாடிகளில் கையை முட்டியாகவும், விரித்தும், பக்கவாட்டிலும் மாற்றி வைக்கும் திறனையும் நோக்குவர். இறுதியில் அந்நான்கு சொற்களையும் நினைவிலிருந்து கூறச் சொல்வர். மறந்த சொல்லிற்கு "ஒரு விலங்கு", "ஒரு நிறம்" என்றாற்போல் குறிப்புத் தரலாம். குறிப்பாற் கூறின் அரை மதிப்பெண். மொத்தம் 12. 10 அல்லது அதற்குக் கீழாயின் மேலும் சோதிக்க வேண்டும். சில நிமிடங்களில் முடியும் இத்தேர்வு, கருவிகளில்லாத சிற்றூர் மருத்துவ நிலையங்கட்கு மிக உகந்தது.

அந்நான்கு ஆங்கிலச் சொற்களையும் தமிழாக்கின் நாய், தொப்பி, அவரை, சிவப்பு என நிற்கும். ஆங்கிலத்தில் நான்கும் ஓரசைச் சொற்கள். தமிழிலோ "நாய்" மட்டுமே தனியசை. ஏனைய மூன்றும் ஈரசைச் சீர்கள். நீண்ட சொற்களை நினைவில் நிறுத்துதல் குறுஞ்சொற்களை நிறுத்துதலினும் அரிது என்பது உளநூலார் கண்ட உண்மை. இனி "அவரை" என்னும் சொல் காய்க்கும் பெயர். "அவர்" என்பதன் இரண்டாம் வேற்றுமையும் அதுவே. செவியாற் கேட்பவர் எதனைக் கொள்வர்? காயென்று கொண்டால் சமையலறை மனத்தில் தோன்றும். வேற்றுமை என்று கொண்டால் "எவரை?" என்று திகைப்பர். அத்திகைப்பை மருத்துவர் மந்தம் என்று குறித்துக்கொள்வர். குற்றம் கேட்பவர் மூளையில் இல்லை, மொழிபெயர்த்தவர் ஏட்டில் உளது. அகராதியைப் புரட்டி ஒரு சொல்லுக்கு ஒரு சொல் வைப்பதனால் வரும் ஏதம் இது.

இதனினும் பெரிதொரு குறையுண்டு. ஒருவர் தாழ்ந்தார் என்று கூற, எவரினும் தாழ்ந்தார் என்பது வேண்டுமன்றோ? ஒப்பிடற்குரிய நலமுடையோர் சராசரி, அவரோடொத்த வயதும் கல்வியும் மொழியும் வாழ்க்கையும் உடையாரிடமிருந்து பெறப்பட்டதாதல் வேண்டும். பிறநாட்டார் சராசரியைக் கொண்டு நம்மவரை அளத்தல் தகாது. நம்மைப்போன்ற கல்லூரி மாணாக்கரை அளந்து, அச்சராசரியைக் கொண்டு எழுத்தறியா உழவரையும் மீனவரையும் அளத்தலும் அத்துணையே தகாது. தேர்வு எழுதிப் பழகிய கையும், வலையிழுத்துப் பழகிய கையும் ஒரே தாளில் ஒரே விரைவோடு கோடிழுக்குமோ?

"படங்களாலும் கணிப்பொறியாலும் தேர்வு வைத்தால் மொழிச்சிக்கல் ஒழியும்" என்பர் சிலர். அஃது ஒருபுடை உண்மையே. ஆயினும், யாது செய்க என்று நோயாளர்க்கு அறிவுறுத்துவது மொழியாலன்றோ? மேலும் கோவையாகப் பேசுதல், சொல்லைத் தேடிப் பெறுதல், கேட்டதை மனத்திற் கொள்ளுதல் ஆகிய ஆற்றல்களை மொழியின்றி அளத்தல் யாங்ஙனம்? மொழியை விலக்கிய தேர்வு, மனிதனது அறிவிற் பாதியை விலக்கியதாகும்.

"இந்நோய் பாவத்திற்கு வந்த தண்டனை. இதற்கு இத்துணை ஆராய்ச்சி எற்றுக்கு?" என்று வாய்விட்டும் மனத்துள்ளும் கூறுவாரும் நம்மிடை இல்லாமலில்லை. கிறிஸ்தவக் கல்லூரியில் பயிலும் நாம் இவ்வினாவை ஒளித்துவைத்தல் நேர்மையன்று. கணவனால் தொற்றுற்ற மனைவி செய்தது யாது? தாயின் கருவிலும் முலைப்பாலிலும் தொற்றுற்ற குழவி செய்தது யாது? குருதி ஏற்றியதால் தொற்றுற்றவர் செய்தது யாது? இனி, வழுவினார் ஒருவரே என வைப்பினும், நோயுற்றாரைத் தொடுமுன் அவர் வரலாற்றைக் கேட்டறிதல் நம் ஆண்டவர் காட்டிய வழியன்று. தொழுநோயாளரைத் தொட்டு நலந்தந்தவரின் பெயரால் எழுந்த மருத்துவ நிலையங்களைப் பெருமையோடு பேசும் நாம், இந்நோயாளர்மாட்டு மட்டும் கையை மடக்கிக்கொள்ளுதல் அப்பெருமைக்கு இழுக்காகும்.

இறுதியாக ஒப்புதலைப்பற்றி ஒரு சொல். 2017 இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 இல் நடைமுறைக்கு வந்த இந்திய எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், அறிந்து தரும் ஒப்புதல் இன்றி எவரையும் ஆராய்ச்சிக்கு உட்படுத்துதல் ஆகாது என விதிக்கின்றது. நல்ல விதியே. ஆனால் அறிவு மந்தமுற்றார் அறிந்து ஒப்புதல் எங்ஙனம்? அவர் ஒப்ப இயலாரெனில், ஆராய்ச்சியே நின்றுவிடும், அவர்க்கு உதவும் மருந்தும் பிறவாது. அவர்பொருட்டுப் பிறர் ஒப்பினாற் போதுமெனில், மெலியார் உடல் வலியார் விருப்பிற்கு உரியதாகும். எமக்குத் தோன்றுவது இதுவே: மந்தம் என்பது இருளும் ஒளியும்போல் திடுமென மாறுவதன்று, மாலைப்பொழுதுபோல் மெல்லக் கவிவது. கவியுமுன் நோயாளரோடு பேசி, பின்னாளில் அவர் விரும்புவது இன்னதென எழுதிப் பெறுதல் வேண்டும். கவிந்த பின்னும், எளிய சொல்லால், சிறு சிறு பகுதிகளாக எடுத்துரைத்து, அவர் சொல்லிலேயே திருப்பிக் கூறச் செய்து, அறிந்தமை தெளிதல் வேண்டும். தமிழில் எழுதப்படும் ஒப்புதற் படிவங்கள் பலவும் ஆங்கில வாக்கியங்களின் நிழலாய், நலமுடைய பட்டதாரிக்கே விளங்காதனவாய் உள்ளன. கையொப்பம் இட்டார் என்பதனால் கருத்து அறிந்தார் என்று கொள்ளற்க.

ஆதலின் மொழித்துறையினர்க்கு உரிய தொண்டுகள் மூன்று என்போம். ஒன்று, வட்டாரந்தோறும் மக்கள் நாவில் வழங்கும் சொற்களைத் திரட்டி, அசையளவும் வழக்கின் மிகுதியும் கணித்து, நினைவுத் தேர்வுகட்கு உதவும் சொற்பட்டியல்களை மருத்துவரோடு கூடி ஆக்குதல். இரண்டு, பல வயதும் பல தொழிலும் கல்வியுடைமையும் இன்மையும் உடைய நலமுள்ள தமிழ் மக்களின் சராசரியை அவ்வாக்கங்களால் அளந்து பெறுதல். மூன்று, ஒப்புதற் படிவங்களையும் நோய்ப் பெயர்களையும், கையொப்பம் இடுவார் செவிக்கு ஏற்ற தமிழில் எழுதி, அவர்முன் படித்துக் காட்டித் திருத்துதல். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா. பொறுமையும், ஊர்தோறும் சென்று கேட்கும் செவியுமே வேண்டும்.

இலக்கணம் கற்பது தேர்வில் முதல் வகுப்புப் பெறுதற்கு மட்டுமன்று. ஒரு சொல் எத்துணை அசையுடையது, எவ்வெப் பொருளைத் தரும், எவ்விடத்து ஐயுறப்படும் என்று அறிந்த அறிவு, ஒரு தொழிலாளியின் வேலையையும், ஒரு தாயின் உரிமையையும், ஒருவர் தம் மனத்தைப்பற்றித் தாமே கொண்ட நம்பிக்கையையும் காக்க உதவுமாயின், அதனினும் சிறந்த பயன் அக்கல்விக்கு வேறுளதோ? மருத்துவர் அளக்கட்டும். அவர் கையிற் கொடுக்கும் கோல் கோணாதிருக்க நாம் பார்த்துக்கொள்வோமாக.